ஒரே கூரை, ஒரே மாதம்

ஓகிம் சண்டைக்காரி என்று எங்கள் முகாமில் பேர். அவள் யாரோடும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. ஒருவர் ஒன்று சொன்னால் பதில் சொல்லாமல் விடமாட்டாள், அவ்வளவுதான். சார்ஜெண்ட் பெண்டாட்டி பதில் சொன்னாலே எங்களிடத்தில் அதற்குச் சண்டை என்றுதான் அர்த்தம்.

தெற்கே வாண்டோ தீவில், கடற்பாசி காயவைக்கிற வீட்டில் பிறந்தவள். சின்ன வயதிலேயே அம்மா போய்விட்டாள். அப்பா கட்டிக்கொண்டு வந்த இரண்டாமவளுக்கு இவள் சாப்பிடுகிற ஒவ்வொரு வாயும் கண்ணில் குத்தியது. பூசானுக்கு ஓடிப்போய் ஒரு செருப்புக் கம்பெனியில் மேல்தோல் தைத்தாள். லீவில் வந்த சார்ஜெண்ட் மா தொக்சுவைக் கட்டிக்கொண்டு எங்கள் காங்வோன் மலைக்கு வந்து சேர்ந்தாள். வடக்கு எல்லை வேலிக்கும் எங்கள் முகாமுக்கும் நடுவே ஒரே ஒரு மலைதான். என் வீட்டுக்காரரும் சார்ஜெண்ட், ஸ்டோரில் இருந்தார். எங்களுடையது ஓகிம்முக்கு மேற்கே, ஒட்டினாற்போல நிற்கும் அடுத்த கூரை.

வீடு என்றால் பாதி வீடு. ஒரு ஓட்டுக் கூரை, நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர், கிழக்கே ஒரு குடும்பம், மேற்கே ஒரு குடும்பம். பக்கத்துப் பாதியில் கரண்டி கீழே விழுந்தால் இந்தப் பக்கம் குழந்தை விழித்துக்கொள்ளும். அதிகாரிகளுக்கு மேல்வரிசை, சார்ஜெண்டுகளுக்குக் கீழ்வரிசை. அந்த ஆண்டு மழையில் மேல்வரிசையில் ஒரு கூரை இறங்கிவிட்டது. அதில் இருந்த கேப்டன் நாம் என்பவரையும் அவர் மனைவி ஹேரிம்மையும் ஓகிம் வீட்டின் கிழக்குப் பாதியில் கொண்டுவந்து வைத்தார்கள். தொக்சுவுக்கு மேலதிகாரி அந்தக் கேப்டன்தான்.

ஹேரிம் சியோலில் காலேஜ் படித்தவள். மெல்லிய குரல். ஆரம்பத்தில் அவர்கள் இருவரும் சிநேகமாகத்தான் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நாள் தள்ளிப்போயிருந்தது. காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி ஓங்கரிப்பாள், இந்தப் பக்கம் இன்னொருத்தி.

"கேப்டனம்மா, உங்களுது முடிஞ்சதும் சுவத்துல ஒரு தட்டு தட்டுங்க. அப்புறம் நான் ஆரம்பிக்கிறேன்," என்று ஓகிம் சத்தம் போடுவாள். "வாந்தியும் ரேங்க்படி எடுப்போம்."

அந்தப் பக்கத்திலிருந்து ஹேரிம் சிரிப்பது எனக்கே கேட்கும்.

குளிர் தொடங்கியதும் சிரிப்பு நின்றது. கமாண்டர் வீட்டு முற்றத்தில் குளிர்காலக் கிம்ச்சி போடுகிற நாள். முகாமில் இருக்கிற எல்லாப் பெண்களும் போக வேண்டும்; யாரும் கட்டளை போடுவதில்லை, போகாதவளும் இல்லை. உப்பில் ஊறின முட்டைகோஸ் மலைபோலக் குவிந்திருக்க, நாங்கள் முழங்கை வரை கையை மிளகாய் விழுதில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கமாண்டரின் மனைவி மெத்தை போட்டு உட்கார்ந்தபடி ருசி பார்த்துக்கொண்டிருந்தாள். கமாண்டரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம்.

"ஓகிம், உனக்கு எப்போ?"

"வருஷக் கடைசி மாசம்மா."

"ஹேரிமுக்கும் அதே மாசம்தானே?"

விழுது தடவிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றுவிட்டன. ஒரே கூரைக்குக் கீழே ஒரே மாதத்தில் இரண்டு பிரசவம் ஆகாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு குழந்தையின் ஆயுளை மற்றது இழுத்துக்கொள்ளும் என்பார்கள். ஒருத்தி வேறு கூரைக்குப் போய்ப் பெற்றுவிட்டால் தோஷமில்லை. கூட்டுக்குடும்பத்தில் மருமகள்கள் இருவர் என்றால் ஒருத்தியை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முகாமில் இதுவரை இப்படி ஒரு சிக்கல் வந்ததில்லை.

"யாராவது ஒருத்தர் இடம் மாறிட்டா நல்லது," என்றாள் கமாண்டரம்மா.

"அப்ப கேப்டனம்மா எப்போ சியோலுக்குக் கிளம்பறாங்க?" என்றாள் ஓகிம்.

"அவ ஏன் கிளம்பணும்?"

"அவங்கதானம்மா பின்னால வந்தாங்க. நான் போன வருஷத்திலேருந்து அங்கதான் இருக்கேன்."

"பட்டாளத்துல யாரு முதல்ல வந்தாங்கன்னு பாக்கறதில்லடி. தோள்ல என்ன இருக்குன்னு பாப்பாங்க."

"தோள்ல இருக்கறது அவங்க வீட்டுக்காரருக்கு. வயித்துல இருக்கறது எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே?"

பக்கத்தில் இருந்த ஒருத்தி, வேகவைத்த பன்றிக்கறித் துண்டு ஒன்றைக் கோஸ் இலையில் சுருட்டி ஓகிம் வாயில் திணித்தாள். "மொதல்ல மென்னு முழுங்கு. அப்புறம் பேசலாம்." எல்லோரும் சிரித்தார்கள். ஹேரிம் மட்டும் தலை நிமிரவில்லை.

அவளுக்குக் காரணம் இருந்தது. இதற்கு முந்தின முகாமில் அவளுக்கு ஒரு குழந்தை செத்தே பிறந்தது. அங்கேயும் ஒரே கூரை. அதே மாதத்தில் மறுபாதியில் பெற்ற பெண்ணின் குழந்தை கொழுகொழுவென்று இருந்ததாம். மறுநாள் குழாயடியில் அவளே ஓகிம்மிடம் வந்தாள். நான் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன்.

"நான் ஒரு தடவை தூக்கிக் குடுத்துட்டேன் ஓகிம். இன்னொரு தடவை என்னால முடியாது."

"அதுக்கு நான் என் பிள்ளையத் தூக்கிக் குடுக்கணுமாம்மா?"

"பிள்ளையக் குடுக்க வேணாம். கூரைய மட்டும் குடு."

"நீங்க உங்க அம்மா வீட்டுக்குப் போகலாமே. எனக்குத்தான் போக இடமில்ல."

"மலைப்பாதையில எட்டு மணி நேரம் பஸ்ஸுல போனா இது தங்காதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்." ஹேரிம் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கு உடம்பு கெட்டி. நீ எங்க வேணாலும் பெத்துக்குவ."

"கெட்டியா இல்லையான்னு பெத்துப் பாத்தாத்தானேம்மா தெரியும்?" என்றுவிட்டு ஓகிம் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வீட்டில் தொக்சு காத்துக்கொண்டிருந்தான். நல்லவன்தான், குடிக்கமாட்டான், கை நீட்டமாட்டான். ஆனால் அவனுடைய ஒப்பந்தம் அந்தக் குளிர்காலத்தோடு முடிகிறது. நீண்ட காலச் சேவைக்கு எடுத்துக்கொள்ள கேப்டன் பரிந்துரைக்க வேண்டும். இல்லையென்றால் வசந்தத்தில் வேலையும் இல்லை, அந்தப் பாதி வீடும் இல்லை.

"கேப்டன் ஏதாவது சொன்னாரா?" என்று அவள் கேட்டது ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது.

"ஒண்ணும் சொல்லல. என்னை வேலிக் காவலுக்குப் போட்டிருக்காங்க. மாசம் முழுக்க மேலதான்."

"அதுதான் அவர் சொல்றது."

"கொஞ்ச நாளைக்குத்தானே ஓகிம். பெத்துட்டு வந்துடு. என்ன குறைஞ்சுபோச்சு?"

"உங்களுக்கு என்ன குறையும்? நிமிந்து நின்னாத்தானே குறையறது தெரியும்?"

முகாம் வாசலுக்கு வெளியே ஒரு விடுதி உண்டு. சனிக்கிழமைகளில் சிப்பாய்களைப் பார்க்க வரும் தாய்களும் காதலிகளும் தங்குவது. ஓகிம் மூட்டையோடு அங்கே போனாள். அவளை நம் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். ஒரு வீட்டில் பிறத்தியாள் பிள்ளை பெற்றால் அந்த வீட்டு அதிர்ஷ்டம் அவளோடு போய்விடும் என்பது இன்னொரு பேச்சு. அவர் அதைச் சொல்லவில்லை. "கேப்டன் என்ன நினைப்பார்?" என்று மட்டும் கேட்டார்.

விடுதிக்காரி வாயாடி, ஆனால் கைராசிக்காரி. அவளும் நானுமாகப் பிரசவம் பார்த்தோம். ஓகிம் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சத்தம் போடாமல் பெற்றாள். பெண்.

"கத்தேண்டி, கத்தினாத்தான் சீக்கிரம் வரும்," என்றாள் விடுதிக்காரி.

"கத்தினா கேப்டனம்மாவுக்குக் கேட்டுடும்," என்றாள் ஓகிம். அந்த வலியிலும் அவளுக்கு அது.

உள்ளே பெண் பிறந்திருக்கிறது, வெளியாள் வரக்கூடாது என்பதற்கு அடையாளமாக வாசலில் கரியும் பைன் கொத்தும் செருகின வைக்கோல் கயிறு கட்டினோம். அவள் தீவிலிருந்து வரவழைத்து வைத்திருந்த கடற்பாசியைப் போட்டு, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சூப்பை நான் வைத்துக் கொண்டுபோனேன். குழந்தைக்குத் தலை நிறைய முடி. ஓகிம் அதன் காதில் ஏதோ பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். மூன்று வாரம் கழியாமல் பேரை வெளியே சொல்லக்கூடாது என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை.

சனிக்கிழமை வந்தது. அடுப்புச் சூடு தரைக்கு அடியில் ஓடுகிற வீடுகள் எங்களுடையவை; அந்த விடுதியில் அடுப்பு ஓரத்து அறைதான் தரை சுடுகிற அறை. சியோலிலிருந்து வந்த நான்கு தாய்மார்களுக்கு அது வேண்டியிருந்தது. ஓகிம்மைப் பின்னறைக்கு மாற்றினார்கள். அங்கே தரை கை வைத்தால் கல். ஓகிம் எனக்குச் சொல்லியனுப்பினாள். நான் வேலி மேட்டிலிருந்து இறங்கியிருந்த தொக்சுவைப் பிடித்துச் சொன்னேன்.

"வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுப்பா. பெத்தாச்சே, இன்னும் என்ன?"

"மாசம் முடியலையே அக்கா. கேப்டனம்மாவுக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு. பிரசவம் நடந்த வீட்டுக் கால், பிரசவம் ஆகப்போற வீட்டு வாசலை மிதிக்கக் கூடாதுன்னு கமாண்டரம்மா சொல்லிட்டாங்க."

"அது அவளோட வாசலும்தானே?"

அவன் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மேட்டுக்கு ஏறிப்போய்விட்டான்.

திங்கட்கிழமை காலையில் குழந்தை பால் குடிக்கவில்லை. நெஞ்சு உள்வாங்கி உள்வாங்கி மூச்சு விட்டது. ஓகிம் அதை மார்போடு கட்டி, மேலே கம்பளி போர்த்தி, பனியில் முகாம் வாசலுக்கு நடந்தாள். விடுதிக்காரியும் கூடப் போனாள். பட்டாலியனுக்கு ஒரே ஒரு ஆம்புலன்ஸ். காவலாள் போன் செய்து கேட்டுவிட்டு, கேட்டதை அப்படியே சொன்னான்.

"வண்டி இல்லம்மா. கேப்டனம்மாவுக்கு வலி எடுத்து விடியக்காலை சுன்சொன் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கு."

"எப்ப வரும்?"

"அவங்களுக்குக் குழந்தை பொறந்த அப்புறம் வரும்."

முகாமின் மருந்தாளன் ஓடிவந்து பார்த்தான். "எங்கிட்ட இருக்கறதெல்லாம் பட்டாளத்தான் மாத்திரைம்மா. இத்தனூண்டுக்கு நான் எதைக் குடுப்பேன்?" என்றான். காவலறை அடுப்பருகே உட்காரவைத்தார்கள். அங்கே நல்ல சூடு. வண்டி வருகிற பாதையைப் பார்த்தபடி ஓகிம் உட்கார்ந்திருந்தாள். மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் மடியில் இருந்த மூச்சு நின்றுவிட்டது. அவள் உடனே யாரிடமும் சொல்லவில்லை. விடுதிக்காரிதான் கம்பளியை விலக்கிப் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

ஹேரிமுக்கு அன்று மாலை ஆண் குழந்தை பிறந்தது.

பச்சைக் குழந்தை செத்தால் எங்களில் தகப்பன் மட்டும் எடுத்துப்போவான். எங்கே புதைத்தான் என்று தாய்க்குச் சொல்லமாட்டார்கள். தெரிந்தால் அவள் அங்கே போய் உட்கார்ந்துவிடுவாள், அடுத்தது வயிற்றில் தங்காது என்பார்கள். தொக்சு துணிமூட்டையையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு போய், இருட்டுவதற்குள் திரும்பி வந்தான். அவள் கேட்டாள். அவன் சொல்லவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள், "பொண்ணுதானே, அடுத்தது பையனா பொறக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவள் விடுதியிலேயே கிடந்தாள். பால் கட்டி மார் கல்லாகிவிட்டது. ஒரு வாரம் போயிருக்கும், தொக்சு வந்தான். நான் அப்போது அவளுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"வீட்டுக்கு வந்துடலாம் ஓகிம். கேப்டனம்மா சரின்னு சொல்லிட்டாங்க."

"மாசம் முடியலையே?"

அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். "இப்ப கூரைக்குக் கீழ ஒரு குழந்தைதானே. அதனால தோஷமில்லையாம்."

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். யாரோ சொன்னதைத் தவறில்லாமல் ஒப்பித்துவிட்ட நிம்மதி அதில் இருந்தது. ஓகிம் எழுந்து மூட்டையைக் கட்டினாள். பதில் சொல்லாத ஓகிம்மை அன்றுதான் நான் முதலில் பார்த்தேன்.

அவர்கள் கூப்பிட்டது இரக்கத்தால் இல்லை என்பது வீட்டுக்கு வந்த அன்றே தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஹேரிமுக்குக் காய்ச்சல் கண்டு பால் வற்றிவிட்டது. பின்னாலேயே பெரிய பனி விழுந்து கணவாய் மூடிக்கொண்டது. முகாம் கடையில் இருந்த பால்பவுடர் டப்பாக்கள் தீர்ந்துவிட்டன. அரிசிக் கஞ்சியைத் துணியில் நனைத்து உறிஞ்சவைத்துக்கொண்டிருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அந்தப் பையன் அழுகிற சத்தம் கேட்டதும் இந்தப் பக்கம் ஓகிம்மின் சட்டை நனைந்தது. அவள் துணியை அழுத்தி அழுத்திப் பிடித்தும் நிற்கவில்லை.

கேப்டன் அவளையும் தொக்சுவையும் கிழக்குப் பாதிக்கு அழைத்தார். ஓகிம் என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஹேரிம் சுவரில் சாய்ந்து படுத்திருந்தாள். பக்கத்தில் குழந்தை, அழக்கூடத் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"உங்களைக் கேக்க எனக்கு வாய் இல்ல," என்றார் கேப்டன். "ஆனா வேற வழியும் இல்ல."

"குடுக்கறேன்," என்றாள் ஓகிம். "ஆனா என் பொண்ணை எங்க வச்சாருன்னு இவர் எனக்குச் சொல்லணும். நான் கேட்டா சொல்லமாட்டேங்கறார். நீங்க சொன்னா கேப்பார்."

கேப்டன் தொக்சுவைப் பார்த்தார். "சொல்லிடு, மா சார்ஜெண்ட்."

"அது வழக்கமில்ல சார்."

"கட்டளைன்னு வச்சுக்கோ."

தொக்சு குதிகாலைச் சேர்த்து நிமிர்ந்து நின்றான். காவல் மாறும்போது தகவல் கொடுப்பதுபோலச் சொன்னான். "பீரங்கிப் பயிற்சி மேடு, சார். குண்டு விழற சரிவு."

"அங்க எதுக்குய்யா போன?"

"வேற எங்கயும் மண்வெட்டி இறங்கல சார். தரை இரும்பா உறைஞ்சு கெடந்துச்சு. அங்க முந்தின நாள் சுட்டிருந்தாங்க. மண்ணு பொரண்டு கெடந்துச்சு."

"மேல என்ன வச்சீங்க?" என்று கேட்டாள் ஓகிம்.

"ஒரு கல்லு."

"அதுக்கப்புறம் அங்க சுட்டாங்களா?"

தொக்சு கேப்டனைப் பார்த்தான். கேப்டன் ஜன்னலைப் பார்த்தார்.

"சுட்டாங்க," என்றான் தொக்சு. "முந்தாநாளு."

குழந்தை ஒரு தடவை விக்கியது. ஓகிம் கையை நீட்டினாள். "குடுங்க," என்றாள். சொன்ன சொல் தவறுகிறவள் இல்லை அவள்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் அந்தப் பையனுக்குப் பால் கொடுத்தாள். அவன் கன்னம் உருண்டது. தொக்சுவின் நீண்ட காலச் சேவைக்கு உத்தரவு வந்தது. கணவாய் திறந்து பால்பவுடர் வந்த பிறகும் பையன் புட்டியை வாயில் வாங்க மறுத்துவிட்டான். ஹேரிம் அவனைக் கையில் வைத்துக்கொண்டு கெஞ்சுவாள். அவன் சுவரைப் பார்த்து அழுவான். ஓகிம் காலையில், மதியத்தில், மாலையில் அங்கே போவாள், கொடுத்துவிட்டு வந்துவிடுவாள். அவனைப் பார்த்து ஒருநாளும் சிரிக்கவில்லை. அவன்தான் அவளைப் பார்த்துச் சிரிப்பான்.

பனி கரைந்து, சிவப்புக் கொடி ஏறாத ஒரு நாளில் பீரங்கி மேட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். கொடி இல்லையென்றால் சுடமாட்டார்கள். கீரை பறிக்கவும் உலோகத் துண்டு பொறுக்கவும் ஊர்ப் பெண்கள் அங்கே வருவார்கள். சரிவு முழுக்கப் பள்ளமும் மேடுமாக, யாரோ பெரிய கரண்டி விட்டுக் கிளறினதுபோலக் கிடந்தது. கற்கள் ஆயிரம் இருந்தன. ஓகிம் முதலில் கல் கல்லாகப் புரட்டினாள். பிறகு புரட்டுவதை விட்டுவிட்டு மண்ணைக் கையால் அள்ளி அள்ளிப் பார்த்தாள். நான் தடுக்கவில்லை. வெயில் நன்றாக ஏறிவிட்டது.

"அழணும்னா இடம் தெரியணும்ல அக்கா," என்றாள். "மலை மொத்தத்துக்குமா அழ முடியும்?"

திரும்பி வரும்போது கிழக்குப் பாதியின் வாசலில் ஹேரிம் குழந்தையோடு நின்றிருந்தாள். குழந்தை அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"எங்க போயிருந்த? எவ்வளவு நேரமா அழறான் தெரியுமா?" என்றவள், ஓகிம்மின் கைகளிலும் பாவாடையிலும் இருந்த மண்ணைப் பார்த்தாள். எங்கே போயிருந்தோம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. குழந்தையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "மொதல்ல வெந்நீர்ல கழுவிட்டு வா. மாரையும் கழுவு. சாவு மண்ணோட என் பிள்ளையத் தொடாத."

ஓகிம் நேராக மேற்குப் பாதிக்குள் போய்க் கதவைத் தாழிட்டாள்.

நானும் உள்ளேதான் இருந்தேன். அவள் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். பையன் அழுதான். சட்டை நனைந்து பாவாடையில் இறங்கியது. அவள் துடைக்கவில்லை. தொக்சு வந்து வெளியிலிருந்து தட்டினான். "ஓகிம், திற. கேப்டன் வந்தா என்ன சொல்லுவேன்?" ஹேரிம் சுவரில் தட்டினாள். புட்டி உருண்டு விழுகிற சத்தம் கேட்டது. பையன் அழுதான்; கொஞ்ச நேரம் ஓய்ந்தான்; மறுபடியும் அழுதான். "பச்சை உசுரு ஓகிம், அது என்ன பண்ணுச்சு?" என்றேன். "என்னுது என்ன பண்ணுச்சு?" என்றாள்.

சாயங்காலம் கதவருகே காலடி கேட்டது. இந்த முறை யாரும் தட்டவில்லை.

"ஓகிம்," என்றது ஹேரிம்மின் குரல். "கழுவ வேணாம்."

ஓகிம் எழுந்து தாழைத் திறந்தாள். ஹேரிம் வெறுங்காலோடு, குழந்தையை நீட்டிக்கொண்டு நின்றாள். அந்த மேற்குப் பாதிக்குள் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. ஓகிம் மண் காய்ந்த கைகளால் குழந்தையை வாங்கிக்கொண்டு, தரையின் சூடான பக்கத்தில் உட்கார்ந்து சட்டையை விலக்கினாள். பையன் பாய்ந்து பற்றிக்கொண்டான்.

அவன் குடித்து முடித்துத் தூங்கும்வரை கேப்டனம்மா வாசலை ஒட்டி நின்றுகொண்டே இருந்தாள். ஓகிம் அவளை உட்காரச் சொல்லவில்லை.